அழகுசாதனக் கடையாக மாறிய பழைய வீடு: திருகோணமலையில் ஒரு தாபனக் கலைக் காட்சி

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு காலத்தில் துணிக்கடையாகவும் பின்னர் நெடுநாள் களஞ்சியமாகவும் இருந்த ஓட்டு வீடொன்று, இப்போது அழகுசாதனக் கடையின் கோலத்தில் திறந்திருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை உண்டு. அதில் எழுத்து எதுவும் இல்லை. உள்ளே கண்ணாடி அலுமாரிகள், விலைச்சிட்டைகள், ஆளுயரக் கண்ணாடிகள், சாய்வு நாற்காலி, காசாளர் மேசை எனக் கடைக்குரிய எல்லாம் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கிச் செல்வதற்கு மட்டும் எதுவும் இல்லை. இரு இளம் பெண் கலைஞர்கள் சேர்ந்து அமைத்திருக்கும் தாபனக் கலைப் படைப்பு இது; அதாவது, ஓர் இடத்தையே படைப்பாக்கி, பார்ப்பவர் அதற்குள் நடந்து பார்க்கும் கலை. தங்கள் பெயர்களைக் காட்சியிலோ அதைப் பற்றிய எழுத்திலோ குறிப்பிட வேண்டாம் என்பது அவர்களது வேண்டுகோள். அழகையும் நுகர்வையும் உடலையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பேச முனையும் இந்தக் காட்சி, திருமலை என்று நாம் சுருக்கி அழைக்கும் இந்த ஊரில் அண்மைக் காலத்தில் நான் பார்த்த கலை முயற்சிகளுள் உழைப்பாலும் துணிவாலும் தனித்து நிற்கிறது. மூன்று அறைகளில் முதலாவதும் மூன்றாவதும் சிறந்த வேலை. நடு அறை வலுவிழந்து நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்கு ஒரே காரணம்தான் இருக்கிறது என்பது என் கருத்து: கடை எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டும் இடங்களில் படைப்பு வெல்கிறது, வாங்குபவளைக் குற்றவாளியாக நிறுத்தும் இடத்தில் தோற்றுப்போகிறது.

முதல் அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒளி. சுவரோரமாக மூன்று ஆளுயரக் கண்ணாடிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் வெவ்வேறு ஒளி. முதலாவது, நமது ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் சாதாரணமாக எரியும் வெள்ளைக் குழல்விளக்கு; அதன் ஒளி நிறவெப்பம் 6500 கெல்வின் என்று அடியில் சிறிய சிட்டையில் எழுதியிருக்கிறது (கெல்வின் ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). இரண்டாவது, புடவைக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் விரும்பிப் போடப்படும் 3000 கெல்வின் மஞ்சள் ஒளி. மூன்றாவது கண்ணாடிக்கு விளக்கே இல்லை. கூரையில் நான்கு ஓடுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள், பகல் வெளிச்சம் நேரே விழுகிறது. ஒரே முகம், ஒரே உடுப்பு, மூன்று எட்டு வைத்து நகர்ந்தால் மூன்று வேறு மனிதர்கள். வெள்ளை ஒளியில் தோல் சாம்பல் பூத்துக் கண்ணுக்குக் கீழ் நிழல் தெரிகிறது. மஞ்சள் ஒளியில் அதே தோல் மினுங்குகிறது. பகல் வெளிச்சத்தில் நாம் நாளாந்தம் தெருவில் கொண்டு திரியும் முகம் திரும்பி வருகிறது. இதற்கு மேலதிகமாக, நடுக் கண்ணாடியின் மேற்பகுதி சற்றுப் பின்னோக்கிச் சாய்க்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாய்வு உருவத்தை உயரமாகவும் மெலிவாகவும் காட்டும் என்பது துணிக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த உத்தி. கலைஞர்கள் அதை மறைக்கவில்லை; கண்ணாடியின் பக்கவாட்டில் தச்சன் பயன்படுத்தும் கோணமானி ஒன்றை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். யாரும் எடுத்து வைத்து அளந்து பார்க்கலாம்.

இந்த எளிமைதான் என்னை வெகுநேரம் அங்கே நிறுத்தியது. அழகு என்பது சமூகம் கட்டமைத்த ஒன்று என்று நூறு பக்கக் கட்டுரை எழுதலாம். அதை ஏற்காதவர் கடைசிவரை ஏற்காமலே இருப்பார். ஒரு கோணமானியையும் இரண்டு விளக்குகளையும் கொடுத்துவிட்டு விலகி நின்றால், பார்ப்பவர் தானே கண்டுபிடித்துக்கொள்கிறார். நான் நின்றிருந்தபோது பாடசாலைச் சீருடையுடன் வந்த மாணவிகள் சிலர் கண்ணாடிகளுக்கிடையே மாறி மாறி ஓடிப் பார்த்துவிட்டு, அதில் ஒருத்தி காவலுக்கு இருந்த பெண்ணிடம், “அக்கா, அப்ப எது என்ட உண்மையான நிறம்?” என்று கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்லாமல் கூரை ஓட்டைக் காட்டிச் சிரித்தாள். நல்ல விளக்கம் அது.

எதிர்ச் சுவரிலுள்ள அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருப்பவை அனைத்தும் சீமெந்தில் வார்க்கப்பட்ட போத்தல்களும் கிரீம் டப்பாக்களும் பவுடர் டின்களும் ஆகும். வர்ணம் பூசவில்லை, பெயரும் இல்லை, ஆனால் அந்த டப்பாவின் மூடி வளைவைப் பார்த்ததுமே அது எந்தக் கம்பனியின் பவுடர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வடிவம் மட்டுமே எவ்வளவு ஆழமாக நமக்குள் பதிந்திருக்கிறது என்பதை உணரும்போது சற்று அச்சமாகவே இருக்கிறது. கைக்குள் எடுத்துப் பார்க்க அனுமதி உண்டு. ஒவ்வொன்றும் எதிர்பாராத கனம். விலைச்சிட்டைகள் 490, 990, 1,990 என முடிகின்றன.

கடையையே கலைப்படைப்பாக்கும் வழக்கம் புதியது அல்ல. 1961 டிசம்பரில் நியூயோர்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் சிற்பக் கலைஞர் கிளேஸ் ஓல்டன்பேர்க் ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்து, கம்பி வலையில் சாந்து தோய்த்த துணியைச் சுற்றி வர்ணம் பூசிய உணவுப் பண்டங்களையும் உடுப்புகளையும் அங்கே விற்றார். சுவிஸ் நாட்டுக் கலைஞர் சில்வி ஃப்ளூரி, 1990 இல் லௌசான் நகரக் காட்சியொன்றில், விலையுயர்ந்த கடைகளில் வாங்கிய பொருட்களைப் பைகளோடு அப்படியே தரையில் வைத்தார். அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் 1987 இல் ‘நான் வாங்குகிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற பொருள்படும் வாசகத்தைக் கையொன்றின் படத்தின் மேல் பதித்தது, பின்னர் பைகளில் அச்சாகி விற்பனைக்கும் வந்தது. இந்தப் பரம்பரையைத் திருமலைக் கலைஞர்கள் அறிந்தே இருக்கிறார்கள். அவர்கள் கூடுதலாகச் செய்திருப்பது ஒன்று. ஓல்டன்பேர்க்கின் கடையில் பொருட்கள் பளபளத்தன. இங்கே அவற்றின் பளபளப்பு முழுவதையும் உரித்தெடுத்துவிட்டு, பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்பதை எதிரிலுள்ள விளக்குகளில் காட்டுகிறார்கள். இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்கின்றன.

நமது நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. ஓவியர் த. சனாதனன் 2004 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், மக்களின் வீடுகளிலிருந்து பெற்ற அன்றாடப் பொருட்களைக் கொண்டு ஒரு தாபனத்தை உருவாக்கினார். கொழும்பில் கலைஞர் அனோலி பெரேரா, பழைய காலத்து உருவப்படங்களின் பாணியில் அமர்ந்திருக்கும் பெண்களின் முகத்தை அவர்களது கூந்தலாலேயே மூடி எடுத்த ஒளிப்படத் தொடரில், பார்க்கப்படுவதற்கென்றே பெண் அமர்த்தப்படும் மரபை மறித்தார். வீட்டுப் பொருளையும் பெண்ணுடலையும் கலைக்குள் கொண்டுவரும் இந்த வழிகளின் தொடர்ச்சியாகத் திருமலைக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

இனி நடு அறை. வாசலிலேயே தொங்கும் திரைச்சீலை மிக அழகானது. கரையோரங்களில் பொறுக்கிய ஷம்பூ, கொண்டிஷனர், முகக் கிரீம் பக்கற்றுகளைக் கழுவி, தங்கூசி எனும் மீன்பிடி நூலால் ஒன்றோடொன்று தைத்திருக்கிறார்கள். உப்பும் வெயிலும் பட்டு அச்சு மங்கிய பக்கற்றுகள் மேலேயும், இன்னும் நிறம் மாறாதவை கீழேயுமாக அடுக்கியிருப்பதால், திரை கூரையிலிருந்து தரைக்கு வர வர வண்ணம் ஏறுகிறது. கடற்காற்று அடிக்கும்போது எல்லாம் சேர்ந்து சலசலக்கின்றன. சில பக்கற்றுகளில் பெண் முகத்தின் கண்கள் மட்டும் அழியாமல் மிஞ்சியிருக்கின்றன. வேறு சிலவற்றில் கூந்தல் மட்டும். விளம்பரம் தான் காட்ட விரும்பிய உடலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் காட்டியது என்பதைக் கடல் தன் பாட்டில் வெளிப்படுத்தியிருக்கிறது.

இந்தப் பக்கற்றுகளின் கதை தெரிந்திருந்தால் திரை இன்னும் கனக்கும். ஷம்பூவைச் சிறு பக்கற்றில் அடைத்துச் சில காசுக்கு விற்கலாம் என்ற எண்ணத்தை 1970களில் செயற்படுத்தியவர் தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். போத்தல் வாங்க வசதியற்ற வீடுகளுக்கும் பெரிய வீட்டாரின் பொருள் போய்ச் சேர வேண்டும் என்பது அதிலிருந்த நோக்கம். அந்த நோக்கத்தை நான் இழிவாகப் பார்க்கவில்லை. கூலி வேலை முடித்து வரும் பெண் ஒருத்திக்கு அன்றைய கூலிக்குள் அடங்கும் வாசனை அது. ஆனால் அந்த மலிவின் மறுபக்கம் கரைகளில் சேர்ந்தது. இலங்கையில் 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த, 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத பிளாஸ்டிக் பக்கற்றுகள் தடை செய்யப்பட்டன. தடைக்கு முன்பு வந்தவையும் பின்பு வந்தவையும் இந்தத் திரையில் கலந்து தொங்குகின்றன. இந்த விபரங்களில் ஒன்றேனும் அறையில் எழுதப்பட்டிருக்கலாம். எழுதப்படவில்லை.

எழுதப்பட்டிருப்பவை வேறு. திரையைத் தாண்டி உள்ளே போனால், மூன்று சுவர்களிலும் சிவப்பு மையில் பெரிய வாசகங்கள்: உன் தோலை விற்காதே, கண்ணாடிக்கு அடிமையாகாதே, இப்படிப் பல. ஒலிபெருக்கியில் பழைய வானொலி விளம்பரங்களின் சாயலில் உருவாக்கப்பட்ட குரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இரைகின்றன. நடுவில் வெண்மையாக்கும் கிரீம்களின் வெற்றுப் பெட்டிகள் குவிக்கப்பட்டு, அந்தக் குவியலின் மேல் மண்டையோட்டுச் சின்னம் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. முதல் அறையில் பார்வையாளரின் அறிவை மதித்த அதே கலைஞர்கள் இங்கே ஏன் திடீரென்று குரலை உயர்த்தினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அந்தக் கிரீமை வாங்கிய பெண் யார் என்று அறை கேட்கவே இல்லை. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் தாய் பார்சலில் அனுப்பியது அதில் இருக்கலாம். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி வந்த வாரத்தில் மூத்த சகோதரி ஓடிப்போய் வாங்கியது இருக்கலாம். அவர்களுக்குச் சுவரிலிருந்து கிடைப்பது கண்டனம் மட்டுமே.

அதே அறையின் மூலையில், கதவுக்குப் பின்னால் ஏறக்குறைய மறைந்துபோன ஒரு சிறு சட்டகம் இருக்கிறது. ஞாயிறு பத்திரிகைகளின் மணமக்கள் பகுதியிலிருந்து வெட்டியெடுத்த விளம்பரங்கள்; பெயர், தொலைபேசி இலக்கம், ஊர், கல்வித் தகைமை எல்லாவற்றையும் கறுப்பு மையால் அழித்துவிட்டு, நிறம் பற்றிய சொல்லை மட்டும் விட்டிருக்கிறார்கள். ‘சிவந்த’, ‘வெள்ளை’, ‘அழகிய சிவந்த’, ‘பொதுநிற’. கறுப்புக் கோடுகளுக்கு நடுவே இந்தச் சொற்கள் மட்டும் மிதக்கின்றன. மூன்று சுவர்களின் கூச்சல் சொல்லாததை இந்த ஒரு சட்டகம் சொல்லிவிடுகிறது: தேவை கடையில் பிறப்பதில்லை, வீட்டின் முன் விறாந்தையில் பிறக்கிறது. சங்கப் பாடல்கள் மாமை எனும் மாந்தளிர் போன்ற கருநிறத்தைப் பெண்ணழகாகப் போற்றின. கரிய உருவில் வீற்றிருக்கும் பத்திரகாளி அம்மனைத் திருமலை மக்கள் நாள்தோறும் கும்பிடுகிறார்கள். அதே மக்கள் மருமகளுக்குச் சிவந்த நிறம் கேட்டு விளம்பரம் போடுகிறார்கள். இந்தச் சட்டகத்தை நடுச் சுவருக்குக் கொண்டுவந்து, வாசகங்களை அழித்துவிட்டால் நடு அறையும் மற்ற இரண்டு அறைகளுக்குச் சமமாக நிற்கும்.

மண்டையோட்டுக்குப் பதிலாக எழுதியிருக்க வேண்டிய தகவல் ஒன்றும் உண்டு. வெண்மையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரச உப்புகள் சேர்க்கப்படுகின்றன. அவை தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் நிறம் சில வாரங்களில் வெளிறுகிறது. அதே பாதரசம் உடலுக்குள் ஊறிச் சிறுநீரகங்களைப் பாதிக்கிறது, தோலில் தடிப்பும் தழும்பும் உண்டாக்குகிறது. கிரீம் பூசியவரைத் தொடுபவர்களுக்கும், ஒரே துவாயைப் பயன்படுத்துபவர்களுக்கும், குழந்தைகளுக்கும் அது பரவக்கூடும். பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்த நாடுகள் 2013 இல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா சமவாயம், அழகுசாதனங்களில் ஒரு கிலோகிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கலாகாது என்று வரையறுத்தது. 2023 இல் கூடிய உறுப்பு நாடுகள் அந்த வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025 உடன் அடியோடு நிறுத்த முடிவு செய்தன. பெட்டியில் உட்பொருட்களின் பட்டியல் இல்லாவிட்டால், தயாரித்தவரின் முகவரி இல்லாவிட்டால், தங்க நகையில் படாமல் பாவிக்குமாறு எச்சரிக்கை இருந்தால், அதை வைத்துவிட்டு வர வேண்டும். இத்தனையும் ஒரு முழத் தாளில் அடங்கும். பெரிய கம்பனிகளைப் பற்றிப் பேசுவதாயினும் திட்டவட்டமாகப் பேசியிருக்கலாம்: இந்தியாவில் 1975 இல் அறிமுகமாகி இலங்கை வீடுகளிலும் பழகிப்போன வெண்மையாக்கும் கிரீமான ஃபெயார் அன்ட் லவ்லி, உலகளாவிய எதிர்ப்புக்குப் பின்னர் 2020 இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை எடுத்து குளோ அன்ட் லவ்லி ஆனது. டப்பாவின் நிறமும் அதன்மேல் இருக்கும் முகமும் எவ்வளவு மாறின என்று பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டியிருந்தால், சிவப்பு மைக்கே தேவை இருந்திராது.

மூன்றாவது அறைக்குப் போகும் வழியில் ஒரு கைகழுவும் தொட்டி இருக்கிறது. அதன் மேல் தட்டில் சவர்க்காரத்தில் வார்த்த பெண் முகம். புடவைக் கடைப் பொம்மையின் முகத்திலிருந்து அச்சு எடுத்து, தேங்காயெண்ணெயும் காரச் சோடாவும் சேர்த்து அவர்களே செய்த சவர்க்காரம். காய்ந்து பாவனைக்கு வர நான்கு வாரங்களுக்கு மேல் விட்டுவைத்ததாகச் சொன்னார்கள். வருபவர் ஒவ்வொருவரும் அந்த முகத்தில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும். கூர்மையான மூக்குத்தான் முதலில் கரைகிறது. பிறகு உதட்டின் விளிம்பு. கண்குழிகள் கடைசிவரை தெரிகின்றன. பாவித்து முடிந்த முகங்களை அருகிலுள்ள பலகையில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். திருமலையின் ஈரக் காற்றில் சவர்க்காரத்திலுள்ள கிளிசரின் நீரை இழுப்பதால் அவற்றின் நெற்றியில் துளித் துளியாக வியர்வை அரும்பி நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மைக்கு ஒருபோதும் வியர்க்காது. இங்கே, உருக்குலைந்த பிறகு, அதற்கு ஓர் உடலின் குணம் வந்துவிடுகிறது. என் விரல்கள் அந்தக் கன்னத்தின் மேல் போனபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை உண்டாக்க முடிந்ததே பெரிய சாதனை.

இந்த எண்ணத்தின் மூலம் எங்கே என்பதைச் சொல்லிவிட வேண்டும். கலைஞர் ஜனின் அன்டோனி 1993 இல் தனது மார்பளவு உருவத்தை ஏழு தடவை சொக்கலேற்றிலும் ஏழு தடவை சவர்க்காரத்திலும் வார்த்து, சொக்கலேற்றை நக்கியும் சவர்க்காரத்தைக் குளிக்கும்போது தேய்த்தும் தன் முகத்தைத் தானே கரைத்தார். அதற்கு முந்திய ஆண்டில், ஒவ்வொன்றும் 600 இறாத்தல் எடைகொண்ட சொக்கலேற்றுக் கட்டியையும் பன்றிக் கொழுப்புக் கட்டியையும் பல்லால் கடித்து, துப்பிய கொழுப்பில் மெழுகும் நிறமும் சேர்த்து லிப்ஸ்டிக்குகள் செய்து காட்சிக்கு வைத்தார். பிரெஞ்சுக் கலைஞர் ஒர்லான் 1990 முதல் 1993 வரை தன் முகத்தில் தொடர்ச்சியாக அறுவைச் சிகிச்சைகள் செய்வித்து, அந்த அறுவைகளையே நிகழ்த்துகலையாக்கினார். அவர்கள் தங்கள் உடலைப் பணயம் வைத்தார்கள். திருமலைக் கலைஞர்கள் கரைக்கும் வேலையை வருபவர்களின் கையில் கொடுத்துவிட்டார்கள். கடன் வாங்கிய உத்தி என்று இதைக் குறைத்துச் சொல்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. அன்டோனியின் முகத்தைக் கரைத்தது ஒரு கலைஞரின் தனிமை. இங்கே கரைப்பது ஓர் ஊரின் கைகள், அதுவும் யாருடைய முகமும் அல்லாத ஒரு கடைப் பொம்மையின் முகத்தை.

மூன்றாவது அறையில் அழகு நிலையங்களில் இருக்கும் சாய்வு நாற்காலி ஒன்றே ஒன்று. அமர்ந்து தலையைச் சாய்த்தால் எதிரே கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில், சுவரிலிருந்து நீளும் கைகள்: திருமலையிலும் அயலூர்களிலும் அழகு நிலையங்களில் வேலை செய்யும் பெண்களின் கைகளைப் பாரிஸ் சாந்தில் வார்த்து, அவர்கள் வேலை செய்யும் நிலையிலேயே பொருத்தியிருக்கிறார்கள். ஒன்று சீப்பைப் பிடித்திருக்கிறது, ஒன்று மருதோன்றிக் கூம்பை, ஒன்று எதையும் பிடிக்காமல் இன்னொருவரின் தாடையைத் தாங்குவதுபோல விரிந்திருக்கிறது. புருவம் திருத்தும் பெண்ணின் வலக்கைச் சுட்டுவிரலை அருகில் சென்று பாருங்கள். முதல் மூட்டுக்குக் கீழே, விரலைச் சுற்றி ஊசிநுனி அகலத்தில் இரண்டு கோடுகள். ஆண்டுக்கணக்காக நூல் இழுத்து இழுத்துப் பதிந்த தடம். சாந்து அதைத் தவறவிடாமல் எடுத்திருக்கிறது.

நாற்காலியின் தலைப்பகுதிக்குள் பொருத்தியிருக்கும் சிறு ஒலிபெருக்கியில் அந்தக் கைகளுக்குரியவர்கள் மெல்லிய குரலில் பேசுகிறார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி வேலை செய்வதால் முன்பல் கூசுவது பற்றி, பிளீச் கலக்கும்போது மூக்கில் ஏறும் நெடி பற்றி, கலியாண நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு மணப்பெண் வீட்டுக்குப் போய் மதியம்வரை நின்றபடி இருப்பது பற்றி. போர் முடிந்த பின்னர் சுயதொழிற் பயிற்சிகள் நடந்தபோது கற்ற கைத்தொழிலால் பிள்ளைகளைப் படிப்பித்ததை ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் சொல்வது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. தன்னிடம் வரும் வயதான அம்மாக்கள் பலர் முகத்தை அழகாக்க வருவதில்லை, யாராவது தொட்டுத் தலையைத் தடவிவிட மாட்டார்களா என்றே வருகிறார்கள் என்கிறார். “அம்மா, கண்ணை மூடுங்க, நான் இருக்கிறன் என்று சொன்னால் சிலர் அப்படியே நித்திரையாகிப் போயிடுவினம்” என்று அவர் குரல் முடிகிறது.

அழகு வணிகத்தை விமர்சிக்கும் கலை பெரும்பாலும் கண்டுகொள்ளாத பக்கம் இது. அங்கே சுரண்டல் இருக்கிறது, நிறவெறி இருக்கிறது, நச்சுப் பொருள் இருக்கிறது. அதே இடத்தில் ஒரு பெண்ணின் உழைப்பும், இன்னொரு பெண்ணின் களைத்த தலைக்கு அரைமணி நேர இளைப்பாறலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளும் பக்குவம் இந்த மூன்றாவது அறைக்கு இருக்கிறது. நடு அறையில் கிரீம் வாங்கியவள் எதிரியாகத் தெரிந்தாள். இங்கே அவள் அதே நாற்காலியில் கண்மூடிப் படுத்திருக்கிறாள், அவளைக் கடிந்துகொள்ள எவருக்கும் மனம் வராது.

வெளியேறும் இடத்தில் காசாளர் மேசை. அங்கே இருக்கும் உதவியாளர், சென்ற மாதம் உங்கள் தலைமுடி, முகம், தோல், நகம் ஆகியவற்றுக்காக என்ன செலவழித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இயந்திரத்தில் பதிகிறார். பன்னிரண்டால் பெருக்கிய தொகை பற்றுச்சீட்டாக வெளிவருகிறது. ஒரு பிரதி நமக்கு, மறுபிரதி பெயரின்றிக் கயிற்றில் கொழுவப்படுகிறது. ஆண்களிடமும் இதே கேள்விகள்தான். தலைமயிர்ச் சாயம், தாடி வெட்டு, உடற்பயிற்சி நிலையக் கட்டணம், புரதத் தூள் என்று சொல்லிக்கொண்டே போய்த் தொகையைப் பார்த்து மௌனமானவர்கள் சிலரைக் கண்டேன். அழகு பெண்களின் விடயம் மட்டுமே என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு இந்த மேசை நல்ல பாடம். பற்றுச்சீட்டுத் தாள் வெப்பத்தால் அச்சாகும் வகை என்பதால், யன்னலோரம் தொங்குபவை வெயிலில் ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டன. கயிற்றின் நிழல் பக்கத்தில் உள்ளவை தெளிவாக இருக்கின்றன. இது திட்டமிட்டதா என்று கேட்டபோது, இல்லை என்று நேர்மையாகச் சொன்னார்கள். மங்கட்டும் என்று விட்டுவிட்டது சரியான முடிவு.

சேவை பற்றிச் சில வார்த்தைகள். நுழைவுக் கட்டணம் இல்லை; வாசலில் உண்டியல் இருக்கிறது. உதவியாளர்கள் பொறுமையாகப் பதிலளிக்கிறார்கள், தேவையற்ற விளக்கம் சொல்லிப் பின்னால் திரிவதில்லை. சிட்டைகள் தமிழில் மட்டுமே உள்ளன. மூவின மக்களும் வாழும் நகரத்தில், அதுவும் நிறமும் கிரீமும் எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட நிலையில், சிங்களச் சிட்டைகள் கட்டாயம் வேண்டும். நான் போன நாளில் கிண்ணியாவிலிருந்து வந்த பெண்கள் நாற்காலியறையில் தனியாக இருக்க விரும்பியபோது உடனே திரையிட்டுக் கொடுத்தார்கள், பாராட்டத்தக்க கவனம். குளிரூட்டி இல்லை, மின்விசிறிகள் மட்டுமே; நண்பகலில் ஓட்டுக் கூரையின் வெக்கை கடுமையாக இருக்கும். ஆனால் கூரை வெளிச்சக் கண்ணாடி முழுப் பலன் தர வெயில் வேண்டும் என்பதால், முற்பகல் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே போவது நல்லது. நடு அறையின் இரைச்சல் சிறு பிள்ளைகளை மிரட்டக்கூடும்.

பெரிய குறை ஒன்று மிஞ்சுகிறது. வாசலில் உயரமான இரண்டு படிகள், சாய்தளம் இல்லை. கண்ணாடிகள் மூன்றும் நிற்பவரின் உயரத்துக்கே வைக்கப்பட்டிருக்கின்றன. சவர்க்கார முகம் இருக்கும் தொட்டியும் அப்படியே. போரில் காலிழந்தவர்களும் சக்கர நாற்காலியில் நடமாடுபவர்களும் கணிசமாக வாழும் ஒரு மாவட்டத்தில், உடலைப் பற்றிய காட்சியொன்றுக்குள் அவர்களது உடல் நுழைய முடியாமல் இருப்பது படைப்பின் உள்ளேயே இருக்கும் ஓட்டை. எந்த உடல் காட்சிக்குத் தகுந்தது என்று கடைகள் போடும் கோட்டையே இந்த வாசற்படி திரும்பப் போட்டுவிடுகிறது. மூன்றாவது அறையின் கைகளுக்கிடையில் செயற்கைக் கால் அணிந்தபடி வேலை செய்யும் அழகுக்கலைப் பெண் ஒருவரின் குரலும் ஒலிக்கிறது. அவரே இரண்டு பேர் பிடித்துத் தூக்கித்தான் திறப்பு நாளில் உள்ளே வந்தார் என்று உதவியாளர் சொன்னார். இதை நான் கலைஞர்களிடம் நேரில் சொன்னேன், மறுக்காமல் கேட்டுக்கொண்டார்கள். பலகையால் ஒரு சாய்தளம் அடிக்கவும், முதல் அறையில் பகல் வெளிச்சம் விழும் மூன்றாவது கண்ணாடியை ஓர் அடி கீழிறக்கவும் தச்சருக்கு அரைநாள் வேலை போதும். காட்சியை மூதூருக்கும் மட்டக்களப்புக்கும் கொண்டுபோகும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பயணத்துக்கு முன்னர், இந்த வீட்டிலேயே, இந்த வாரத்திலேயே அதைச் செய்ய வேண்டும்.